நெல்லையில் அங்கன்வாடியா, அரசுப் பள்ளி எல்.கே.ஜி.யா? அனுப்பியவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு வருகிற ஜூனில் மூன்று வயது முடிகிறது. வண்ணார்பேட்டையில் வாடகை வீடு. நானும் அவரும் வேலைக்குப் போகிறோம். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்கு முட்டுவலி, பிள்ளை பின்னால் ஓட முடியவில்லை.

தனியார் பள்ளிகளில் விசாரித்தோம். பணம் கட்டுவதற்கு முன்னால், அரசாங்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. எங்களுக்கு மூன்று வழி இருக்கிறது: தெருமுனை அங்கன்வாடி, கொஞ்சம் தள்ளி ஒரு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் நடக்கும் எல்.கே.ஜி., அப்புறம் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இலவச இடம். பிள்ளையை அனுப்பியவர்கள் எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரதவீதி டவுன்:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. அரசு எல்.கே.ஜி. என்பது அங்கன்வாடியை விட்டுத் தனியாக வந்த ஒன்று இல்லை. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் ஏற்கெனவே இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்போது பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து பாடம் நடத்தினார், சாப்பாடும் மற்ற கவனிப்பும் அங்கன்வாடியோடது. தமிழ்நாட்டில் மொத்த அங்கன்வாடி 54,439. அதனால் பெரும்பாலான தெருக்காரர்களுக்கு அந்த எல்.கே.ஜி. எட்டாது. உங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பதே நல்ல வாய்ப்பு.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். 2022இல் அந்த ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். எல்.கே.ஜி.யே நின்றுவிடும் என்று பேச்சு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வகுப்புகள் தொடரும், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர் போடுவோம் என்றார்கள். அந்தச் சம்பளத்துக்கு வந்தவர் எத்தனை மாதம் இருப்பார்? பெயர்ப்பலகையில் எல்.கே.ஜி. என்று இருக்கிறதா என்பதை விட, போன வருஷம் இருந்த டீச்சர் இந்த வருஷமும் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

என் மகள் இரண்டு வருஷமும் அப்படி ஒரு எல்.கே.ஜி.யில்தான் படித்தாள். ஒரே டீச்சர். அது எங்கள் அதிர்ஷ்டம். பாட்டு, கதை, எண்ணிக்கை எல்லாம் சரியாக வந்தது. பக்கத்துத் தெரு நண்பர் மகனுக்கு வேறு பள்ளி, நடுவில் சில மாதம் டீச்சரே இல்லை. திட்டம் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான்.

கேடிசி நகர் அப்பா:
நான் வேண்டாம் என்கிற ஆள், காரணத்தோடு சொல்கிறேன். இங்கிலீஷ். என் அப்பாவும் அம்மாவும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள்தான், நானும் பத்தாவது வரை அப்படித்தான். கல்லூரியில் முதல் வருஷம் நான் பட்டது என் மகன் படக்கூடாது. அங்கன்வாடியில் சாப்பாடு போட்டுத் தூங்க வைப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். அது குழந்தைக் காப்பகத்துக்குப் போதும். பள்ளிக்குத் தயாராக்குவது வேறு. என் மகன் யு.கே.ஜி.யில் மூன்றெழுத்து இங்கிலீஷ் வார்த்தை வாசிக்கிறான்.

மேலப்பாளையம் உம்மா:
என் இரண்டு பிள்ளைகளும் அங்கன்வாடி. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, பிள்ளை புகையிலைத் தூளைத் தொட்டு வாயில் வைத்துவிடும். அங்கன்வாடி இல்லை என்றால் எங்கள் பிழைப்பு நடக்காது. அதனால் நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

பெரியவனுக்கு மூன்று வயது ஆனபோது, கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் சொன்னார். நான் அவனைப் பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மையத்துக்கு டாக்டர் குழு ஒன்று வருஷத்துக்கு இரண்டு முறை வேனில் வரும், கண், பல், காது, எடை, வளர்ச்சி எல்லாம் பார்ப்பார்கள். அவர்கள் காதைச் சோதித்து ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே நீர் கோத்திருந்தது, மருந்தில் சரியானது. பிள்ளை பேச ஆரம்பித்தான். தனியார் நர்சரியில் இதை யார் கவனித்திருப்பார்கள்?

ஒண்ணாம் வகுப்பு டீச்சர்:
கேடிசி நகர் தம்பிக்கு. உங்கள் பயம் நியாயமானது, அதை யாரும் லேசாகச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றாம் வகுப்பில் பல வருஷம் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் யார் நிலைத்து நிற்கிறார்கள் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். எழுத்து தெரிந்த பிள்ளை எல்லாம் நிற்பதில்லை. ஒரு கதையை முழுதாகக் கேட்டு, 'அப்புறம் அந்த ஆடு என்ன செய்தது?' என்று கேட்கிற பிள்ளை நிற்கும். தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிந்த பிள்ளை நிற்கும். டிபன் டப்பாவைத் தானே திறக்கத் தெரிந்த பிள்ளை, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை நிற்கும். மூன்று வயதில் நான்கு கோடு நோட்டில் எழுத வைத்த பிள்ளைகள் சிலர் பென்சிலைக் கைவிரல் எல்லாம் மடக்கி இறுக்கிப் பிடிப்பார்கள். விரல் பலப்படும் முன்னால் எழுதியதால் வந்த பிடி அது. அதை மாற்ற எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆகும்.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு நேரம் இருக்கிறது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் உட்கார வைக்கிறோம். எழுத்தே தெரியாமல் வந்தாலும் அரும்பில் தொடங்கலாம். ஆனால் வாயே திறக்காமல் வருகிற பிள்ளையை என்ன செய்வது? அதற்கான வேலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் நடக்க வேண்டும். அங்கன்வாடியின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் அதற்குத்தான் எழுதப்பட்டது. படித்துப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது. அது மையத்தில் நடக்கிறதா என்பது வேறு விஷயம், அதற்கு மையத்துக்குத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ் பற்றி: வீட்டில் பேசுகிற மொழியில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றெழுத்து வார்த்தையை வாசிப்பதும் அதற்கு அர்த்தம் தெரிவதும் ஒன்றல்ல தம்பி. உங்கள் மகனிடம் வாசித்ததற்கு ஒரு படம் வரையச் சொல்லிப் பாருங்கள்.

பாளை வாசகன்:
ஒரு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2019 ஜனவரியில் அப்போதைய திருநெல்வேலி கலெக்டர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளைப் பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடியில்தான் சேர்த்தார். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி. எல்லாத் தரப்புப் பிள்ளைகளோடும் பழகட்டும், தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் அவர் காரணம் சொன்னார். கலெக்டருக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

கேடிசி நகர் அப்பா:
அவரை மதிக்கிறேன். ஆனால் கலெக்டர் பிள்ளை இருக்கிற மையத்துக்கு அதிகாரிகள் தாமாக வருவார்கள். குழாய் உடைந்தால் அன்றைக்கே சரியாகும். வண்ணார்பேட்டைத் தெருமுனை மையத்துக்கு யார் வருவார்?

மேலப்பாளையம் உம்மா:
நாங்கள் போனோம் அண்ணாச்சி. எங்கள் மையம் அப்போது வாடகைக் கட்டடத்தில் இருந்தது. கக்கூஸ் கதவு இல்லை, மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும். டீச்சர் எழுதி எழுதிப் போட்டும் நடக்கவில்லை. பத்துப் பதினைந்து தாய்மார்கள் சேர்ந்து திங்கட்கிழமை மனு நாளில் கொக்கிரகுளத்துக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம், கவுன்சிலரையும் விடவில்லை. கதவு வந்தது. தண்ணீர் நிற்பது முழுக்கச் சரியாகவில்லை, மண் கொட்டி மேடாக்கினார்கள். வசதி உள்ளவர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த மையத்துக்காகக் கேட்க ஆள் குறையும். அதுதான் என் வருத்தம்.

பெயர் வேண்டாம் (அங்கன்வாடிப் பணியாளர்):
இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நானும் எழுதலாம் என்று தோன்றியது. எந்த மையம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால் உங்களுக்கு ஒப்பிட எளிதாக இருக்கும். காலையில் உதவியாளர் அக்கா பெருக்கித் தண்ணீர் பிடித்து வைப்பார். பிள்ளைகள் வரவர நான் வருகையைப் போனில் போஷன் டிராக்கர் என்கிற அரசு செயலியில் ஏற்ற வேண்டும். அன்றைக்குச் சத்துமாவு கொடுக்கிற நாள் என்றால், வாங்க வருகிற தாயின் முகத்தைப் போன் கேமராவில் காட்டிப் பதிய வேண்டும். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்ணை இமைக்கச் சொல்லும், கைப்பிள்ளை அழும், வரிசை நீளும். அந்த ஒரு மணி நேரம் மூன்று வயதுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கதை கிடையாது.

மாதத்தில் சில நாள் எடை, உயரம் எடுக்க வேண்டும். கர்ப்பிணி வீட்டுக்குப் போக வேண்டும். தேர்தல் வேலையும் எங்களில் பலருக்கு உண்டு. அதோடு பக்கத்து மையத்தில் பணியாளர் ஓய்வு பெற்றால் அந்த மையத்தையும் நாமே பார்க்க வேண்டும். 2025இல் மாநிலம் முழுக்க 7,783 காலியிடங்களை நிரப்ப ஆணை போட்டார்கள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை மையம் இப்படி இரவல் ஆளை வைத்து ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எல்லாம் புலம்பலாக எழுதவில்லை. நன்றாக நடக்கிற நாள் எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும் இல்லையா? பத்தரை மணி வாக்கில் வட்டமாக உட்காருவோம். நான் ஒரு கூடையில் புளியங்கொட்டை, மூடி, துணி, இலை எல்லாம் கொட்டுவேன். எது தண்ணீரில் மிதக்கும் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக வாளியில் போட்டுப் பார்ப்போம். புளியங்கொட்டை முங்கியதும் போன வாரம் ஒரு பிள்ளை, 'டீச்சர், அதுக்கு நீச்சல் தெரியல' என்றது. இரண்டு மாதம் வாயே திறக்காத பிள்ளை அது. மதியம் தக்காளி சாதமோ எலுமிச்சை சாதமோ பருப்பு சாதமோ, வாரத்தில் மூன்று நாள் முட்டை. முட்டையை உரித்துத் தட்டில் வைக்காமல் பிள்ளையையே உரிக்கச் சொல்வேன். ஓடு ஒட்டிக்கொண்டு சிதைந்துதான் வரும், ஆனால் அந்த விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்க வேண்டும்.

அதனால் சகோதரி, நீங்கள் அங்கன்வாடியா எல்.கே.ஜி.யா என்று பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய் வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, டீச்சர் மட்டும் பேசுகிறாரா என்று கேளுங்கள். அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டுச் சாமான் அலமாரியில் பூட்டி இருக்கிறதா, பாயில் இறைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். புதுசாகவே இருக்கிற பொம்மை நல்ல அடையாளம் இல்லை. வளர்ச்சி அட்டையைக் கேளுங்கள், பச்சை (சரியான எடை), மஞ்சள் (குறைவு), சிவப்பு (மிகக் குறைவு) பட்டையில் புள்ளி மாதாமாதம் வைத்திருக்கிறதா என்று தெரியும். டீச்சர் அந்த ஒரு மையத்தை மட்டும்தான் பார்க்கிறாரா, இன்னொரு மையத்தையும் சேர்த்துப் பார்க்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். யாரும் கோபப்பட மாட்டோம்.

ரதவீதி டவுன்:
டீச்சர், இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. எல்.கே.ஜி.க்கும் இதே சோதனைதான். அங்கே ஒரு கூடுதல் கேள்வி: காலையில் சிறப்பாசிரியர் போன பிறகு பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள்?

சமாதானபுரம்:
ஆர்.டி.இ. பற்றி யாரும் எழுதவில்லையே. என் தங்கை மகளுக்கு அந்த வழியில் கிடைத்தது, அதனால் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளி, நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள், கூட விண்ணப்பம் வந்தால் குலுக்கல். எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் அரசாங்கம் கட்டும். ஆனால் புத்தகம், சீருடை, வேன் என்று வேறு வகையில் கேட்கிற பள்ளிகள் உண்டு. அதை முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025இல் ஒன்றிய அரசு நிதி வராத பிரச்சினையில் சேர்க்கையே அக்டோபரில்தான் நடந்தது. ஜூனில் மற்ற பிள்ளைகள் போக, இந்தப் பிள்ளைகள் வீட்டில் காத்திருந்தார்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

புதிய தாய் 27:
ஒரு சந்தேகம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டும் என்றால் எல்.கே.ஜி.யிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்க வேண்டுமா?

ஒண்ணாம் வகுப்பு டீச்சர்:
இல்லையம்மா. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைதான் கணக்கு. அதை வைத்து மூன்று வயதில் முடிவெடுக்க வேண்டாம்.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போய் வந்தேன். டீச்சர் சொன்னபடி சொல்லாமல்தான் போனேன்.

எல்.கே.ஜி. கட்டடம் அருமை. சுவர் முழுக்கப் படம், நல்ல தரை, பெரிய மைதானம். சின்ன நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சிறப்பாசிரியர் இந்த வருஷம்தான் வந்திருக்கிறார், இளம் பெண், ஆர்வம் தெரிகிறது. ஆனால் நான் இருந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை எழுந்து ஜன்னலில் அணில் பார்த்தது, உட்கார வைத்துவிட்டார். அடுத்த வருஷம் இருப்பீர்களா என்று கேட்டேன். 'சொல்ல முடியாதுக்கா, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதியிருக்கேன்' என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தெருமுனை அங்கன்வாடி ஒரே அறை, சமையல் பக்கத்திலேயே. வெயில் நேரத்தில் புழுக்கம். ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறது. ஆனால் உள்ளே ஒரே சத்தம். இரண்டு பிள்ளைகள் மூடியை வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி எனக்கு ஐம்பது ரூபாய்க்குத் தோசை விற்றாள். உதவியாளர் அம்மா இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் கரண்டி. டீச்சர் பல வருஷமாக அங்கேயே இருக்கிறார், இன்னொரு மையம் கூடுதலாக இல்லை. வளர்ச்சி அட்டை கேட்டதும் எடுத்துக் காட்டினார். மஞ்சளில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம் என்று அவராகவே சொன்னார்.

நாங்கள் இந்த வருஷம் அங்கன்வாடியில் சேர்க்கப் போகிறோம். அடுத்த வருஷம் அந்த எல்.கே.ஜி. டீச்சர் இருந்தால் யு.கே.ஜி.க்கு யோசிப்போம். வீட்டுக்காரருக்கு இன்னும் இங்கிலீஷ் கவலை இருக்கிறது, ராத்திரி ஒரு கதை இங்கிலீஷில் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம்.

கேடிசி நகர் அப்பா:
நல்ல முடிவாக அமையட்டும். நான் என் முடிவை மாற்றவில்லை. ஆனால் டீச்சர் சொன்ன படம் வரைகிற விஷயத்தைச் செய்து பார்த்தேன். 'ஹென்' என்று வாசித்தான், என்ன என்று கேட்டால் தெரியவில்லை. அவன் பள்ளியில் இதைப் பேசப் போகிறேன். அந்த ஒற்றை ஃபேன் மையத்துக்கு இன்னொரு ஃபேன் வாங்கிக் கொடுக்கலாமா? யாரிடம் கேட்க வேண்டும்?

பெயர் வேண்டாம் (அங்கன்வாடிப் பணியாளர்):
கொடுக்கலாம் அண்ணாச்சி. மையத்துப் பணியாளரிடமே சொல்லுங்கள், மேற்பார்வையாளரிடம் கேட்டு இருப்புப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். மாட்டுவதற்கு முன் வயரிங் தாங்குமா என்று ஒரு எலெக்ட்ரீசியனைக் கூட்டிப் போய்ப் பார்த்துவிடுங்கள், பழைய கட்டடங்களில் அது முக்கியம்.

பொருநைக்கரை தங்கச்சி, சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று, ஆதார் இருந்தால் ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றையும் கொண்டு போங்கள். முதல் வாரம் பிள்ளையை முழு நாள் விட வேண்டாம், சாப்பாடு வரை விட்டுக் கூட்டிப் போங்கள். மாற்றுத் துணி ஒரு செட் பையில் பெயர் எழுதி வையுங்கள்.